கன்றுகளுக்கு விட்ட யன்னல்

மாசி மாதத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் ஈரமண் சூடாகிற மணம் எப்படி இருக்கும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ எனக்குத் தெரியாது. அது முதல் மழைக்குக் கிளம்புகிற மண்வாசம் இல்லை. சுவரடி ஹீற்றரின் சூட்டில், யோகட் கோப்பைகளுக்குள்ளும் முட்டைப் பெட்டிகளுக்குள்ளும் கிடந்து மெல்ல மெல்ல அவிகிற மண்ணின் மணம் அது. அதோடு முதல்நாள் பொரித்த மீனும், கதிரை முதுகுகளில் காயப்போட்ட உடுப்பும், நாலு பேர் விட்ட மூச்சும் கலந்து, வெளியே போக ஒரு வழியும் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். பள்ளிக்கூடத்தில் என் மேல்சட்டையிலும் அந்த மணம் வந்தது. பக்கத்து வாங்கில் இருந்த பெட்டை மூக்கைச் சுளித்தபோது எனக்கு அவளில் வந்த கோபத்தைவிடக் கத்தரிக்கன்றுகளில்தான் கோபம் வந்தது.

மொன்றியலில், சென்ட் லோரன்டில், மூன்றாம் மாடியில் எங்கள் வாடகை வீடு. பனிக்காலம் தொடங்கமுதல் அப்பா எல்லா யன்னல்களுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டுவார். நாலு பக்கமும் ஒட்டுநாடா பிடித்து, அம்மாவின் தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடு காட்டினால் தாள் மேளத்தோல் மாதிரி இறுகிவிடும். பிறகு சித்திரை கழியும்வரை வீட்டில் ஒரு யன்னலும் திறபடாது. காற்று பலமாக அடிக்கிற நாட்களில் அந்தத் தாள் உள்ளே உப்பும், திரும்ப வற்றும். நானும் தம்பியும் அதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக இருந்திருக்கிறோம். வேறு பார்க்க என்ன இருந்தது?

அப்பா மருந்து பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய பஸ் ஏறி வந்து, தேத்தண்ணி குடித்து, படுக்கையறை யன்னலில் தடித்த கம்பளியொன்றைத் தொங்கவிட்டுப் படுத்தார் என்றால் பின்னேரம்தான் எழும்புவார். ஆகவே எங்கள் வீட்டில் பகல் என்பது, வாய் பொத்துகிற நேரம். "சத்தம் போடாதேங்கோ, அப்பா நித்திரை" என்பதுதான் அம்மா எங்களுக்குச் சொன்ன வசனங்களில் ஆகக் கூடியது என்று நினைக்கிறேன். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்துப் பழகினோம். தம்பியும் நானும் குசுகுசுத்த மொழி பிரெஞ்சு, ஏனென்றால் அது அம்மாவுக்கு விளங்காது. அவருக்கு விளங்காத இன்னொரு மொழியில் நாங்கள் சிரிக்கிறோம் என்பது அவரை எப்படி வருத்தியிருக்கும் என்று அப்போது யார் யோசித்தது?

எங்களைவிட அடைபட்டுக் கிடந்தது அம்மாதான். நான் பள்ளிக்கூடத்துக்கும் தம்பி சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரிக்கும் போவோம், அப்பா வேலைக்குப் போவார். அம்மாவுக்கு ஞாயிறு பூசையும், தெருமூலையிலிருந்த டெப்பனர் கடையில் பாலும் பாணும் வாங்கப் போகிற நடையும்தான். ஒருதரம் ஐஸில் வழுக்கி விழுந்தபிறகு அந்த நடையையும் அப்பாவிடம் விட்டுவிட்டார். இப்படியே சில பனிக்காலம் போக, நகரசபை ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிற தோட்டத்தில் ஒரு பாத்தி கிடைத்தது. அதற்காக அவர் வருடக்கணக்கில் காத்திருந்தவர். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "துண்டு". கோடை தொடங்கியும் துண்டு வெறுமனே கிடந்தால் வரிசையில் அடுத்து நிற்கிற ஆளுக்குப் போய்விடும் என்று சட்டம். அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் குசினி வாசலில் நின்று கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, இந்தத் துண்டும் சரிவராட்டி நான் பிள்ளையளோடை ரொறன்ரோவுக்கு அக்காவிட்டைப் போறன். இன்னொரு விண்ரர் இந்த வீட்டுக்குள்ளை என்னாலை இருக்கேலாது. நீங்கள் பேந்து வேலை பாத்துக்கொண்டு வாங்கோ."

அப்பாவுக்கு அங்கே வேலையும் கிடைக்காது, இந்த வேலையை விடவும் ஏலாது என்பது அம்மாவுக்கும் தெரியும். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். பாகற்காய் காய்த்தால் நாங்கள் நாலு பேர், காய்க்காவிட்டால் மூன்று பேர் என்று என் மனதுக்குள் கணக்கு எழுதியாகிவிட்டது. அதனால் அந்தக் கன்றுகளை வெறுத்துக்கொண்டே அவை பிழைக்கவேண்டும் என்று செபமாலையும் சொன்னேன்.

பனி கரைந்து மண் இளகும்வரை காத்திருந்தால் அந்த ஊரில் ஒன்றும் காய்க்காது, கன்றை வீட்டுக்குள்ளேயே முளைக்கவைக்கவேண்டும். விபூதிப் புதனன்று கோயிலால் வந்து, நெற்றியில் சாம்பலோடேயே அம்மா விதைகளை ஊறப்போட்டார். கத்தரி, பச்சைமிளகாய், புடோல், எல்லாவற்றுக்கும் மேலாக யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி அனுப்பிய பாகல். பாகல் விதையை ஈரத்துணியில் சுற்றி அரிசி அவிக்கும் குக்கரின் மூடிக்குமேல் வைத்தார். தவக்காலம் என்று வீட்டில் இறைச்சி இல்லை, இனிப்பு இல்லை. "முகத்தைத் தூக்கி வைச்சிருக்காதை பிள்ளை, ஆண்டவர் நாப்பது நாள் பட்டினி கிடந்தவர்" என்பார். ஆண்டவருக்கு வெளியே போகவாவது வனாந்தரம் இருந்தது என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

எல்லாம் முளைத்தன. முளைத்தபிறகுதான் சங்கடம். முன்னறை யன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் செங்கல் சுவர். அங்கே வைத்த கன்றுகள் வெளிச்சம் தேடி நூல்நூலாக நீண்டு, வெளிறி, சாய்ந்து விழத் தொடங்கின. வெயில் விழுகிற யன்னல் வீட்டில் ஒன்றே ஒன்று, அது அப்பா கம்பளி போட்டு மூடிப் படுக்கிற யன்னல். பகலில் அந்த அறையில் அப்பாவுக்கு இருட்டு வேண்டும், கன்றுக்கு வெளிச்சம் வேண்டும். அம்மா கேட்கவும் இல்லை, கேட்காமல் இருக்கவும் இல்லை. விழுந்த கன்றுகளுக்குப் பல்லுக்குத்தி முண்டு கொடுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டால் அது கேட்கிறதுதானே.

ஒருநாள் விடிய வேலையால் வந்த அப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல் அந்தக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்க் கம்பளியைக் கழற்றினார். தலையணையையும் ஒரு மெல்லிய மெத்தையையும் எடுத்துவந்து, வீட்டுக்குள் அறைகளுக்கு நடுவே போகிற நடைபாதையில் சுவரோடு இருந்த "குளோசெற்"றுக்குள் போட்டார். பெட்டியும் பழைய சப்பாத்தும் வைக்கிற, யன்னலில்லாத சின்ன அறை அது.

"இருட்டுத்தானே வேணும். இதுக்குள்ளை நல்ல இருட்டு. நீர் கன்றுகளைக் கொண்டுபோய் அங்கை வையும்."

அம்மாவின் முகத்தில் அன்று வந்த சிரிப்பை நான் அதற்குமுன் அந்த வீட்டில் கண்டதில்லை. படுக்கையறை யன்னலின் கீழே ஒரு பலகை போட்டு, தட்டுகளை வரிசையாக வைத்தார். எங்களுக்கோ வீடு இன்னும் சிறுத்துப்போனது. முன்பாவது நடைபாதையில் ஓடலாம், இப்போது அங்கேயும் பூனைநடை. படுக்கையறைக்குள் போகக்கூடாது, கன்று. நடைபாதையில் நிற்கக்கூடாது, அப்பா. கத்தரிக்கன்றுக்கு இருந்த மரியாதையில் பாதி எங்களுக்கு இருந்திருந்தால் நான் நன்றாக வந்திருப்பேன் என்று இப்போதும் அம்மாவைச் சீண்டுவதுண்டு.

அப்பா அந்தக் கதவைச் சாத்திப் படுக்கமாட்டார். ஒரு கால் எப்போதும் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கதவு அதில் முட்டி நிற்கும். பெரிய கம்பளிக் காலுறை போட்ட அந்தப் பாதத்தைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போகவேண்டும். "பாவம், கால் நீட்ட இடம் காணாது" என்று அம்மா சொல்வார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

பங்குனி தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை. வெளியே கண்மடலில் பனி உறைகிற குளிர், ஆகவே வாரம் முழுக்க உள்ளேதான். அந்த வாரம் அப்பாவுக்குத் தடிமனும் இருமலும். ஓவர்டைமும் செய்துவிட்டு வந்து, சாப்பிடாமலே விழுந்து படுத்தார். நடைபாதை விளக்கு அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கும் தம்பிக்கும் அந்த வெளிச்சம் வேண்டும், அணைக்கமுடியாது. அம்மா பார்த்தார். குனிந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கி உள்ளே வைத்து, போர்வையால் மூடி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். எங்களைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். நல்ல நித்திரை கொள்ளட்டும் என்ற எண்ணம்தான், வேறு என்ன.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பேச்சாக இருக்கவில்லை. அந்தக் கதவுக்கு உட்பக்கம் கைபிடி கிடையாது. அப்பா கதவை அடித்த அடியில் மேல்தட்டிலிருந்த பெட்டிகள் விழுவது கேட்டது. அம்மா ஓடிப்போய்த் திறந்தார். அப்பா அவரைக் காணாதவர்போலத் தாண்டி, படுக்கையறைக்குள் போய், யன்னல் பிளாஸ்டிக்கை நகத்தால் கிழித்து, யன்னலைத் தள்ளி முழுவதுமாகத் திறந்து, பெனியனோடு தலையையும் தோளையும் வெளியே போட்டுக்கொண்டு நின்றார். பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதன்மேல் கன்றுகள்.

குளிர் வாளியால் ஊற்றினமாதிரி உள்ளே வந்தது. "அம்மா, கன்று!" என்று நான் சொன்னேன். எனக்கு ரொறன்ரோ கண்ணுக்கு முன்னால் நின்றது. அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார். தட்டுகளை எடுப்பதென்றால் அப்பாவின் கையை விடுவிக்கவேண்டும், அவரைப் பின்னால் இழுக்கவேண்டும். அம்மா அதைச் செய்யவில்லை. போர்வையை எடுத்துவந்து அவர் முதுகில் போட்டுவிட்டு, தானும் பக்கத்தில் நின்றார். எங்களைச் சட்டை போடச் சொன்னார். வீட்டுக்குள் பனிச்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு நானும் தம்பியும் கட்டில் விளிம்பில் இருந்தோம். பாகல்தான் முதலில் போனது. இலை கறுத்து, தண்ணீர் கோத்து, அவித்த கீரைபோலத் தட்டின் விளிம்பில் மடிந்தது. பிறகு மிளகாய், பிறகு கத்தரி. அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

வெகுநேரம் கழித்து அப்பா குனிந்து கன்றுகளைக் கண்டார். "ஐயோ, பாகல்" என்றார்.

"பாகல் இன்னும் போடலாம்" என்றார் அம்மா. விதை ஒன்றுகூட மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும்.

"ஊரிலை ஒருக்கா குண்டு விழுந்து பங்கர் இடிஞ்சு வாசலை மண் மூடிப்போட்டுது. காலமை துவக்கம் பொழுதுபடுமட்டும் உள்ளுக்கை கிடந்தனான்." அப்பா யன்னலைப் பார்த்தபடிதான் சொன்னார். "ஒருக்கா மூடினது போதும்."

அவர்கள் கலியாணம் பேசிச் செய்தது அதற்குப் பிறகுதான். அம்மாவுக்கு அதுவரை இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் குளோசெற்றுக்குள் போகவே விட்டிருக்கமாட்டார். "சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். "சொன்னா நீர் கன்றுகளை அங்கை வைச்சிருப்பீரோ?" என்றார் அப்பா.

அன்றிரவு அப்பா வேலைக்குப் போகவில்லை. படுக்கும்போது நான் அம்மாவிடம் கேட்டேன். "ரொறன்ரோவுக்கு எப்ப போறம்?"

"ஆர் போறது? அந்தாளை இப்பிடி விட்டிட்டுப் போகச் சொல்லுறியோ?" என்று என்னையே ஏசினார். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில்தான். ஆனால் அம்மாவின் குரலில் சந்தோசம் இருந்ததென்று சொல்ல என்னால் இன்றைக்கும் முடியாது. பூட்டியிருந்த ஒரு கதவைத் தானே இன்னொருதரம் பூட்டிக்கொண்டு சாவியை அப்பாவிடம் கொடுத்த மனுசியின் குரல் அது.

அடுத்த வாரம் அப்பா இரண்டு நீட்டு ரியூப்லைட்டுகள் வாங்கிவந்து குளோசெற்றுக்குள் சங்கிலியில் தொங்கவிட்டார், இனிக் கன்றுகளுக்கு அது, அவருக்குப் பழையபடி படுக்கையறை. இவ்வளவு எளிதான வேலை முதலே ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள், எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பூசைக்கு வருகிற மன்னார் அக்கா ஒருவர் பாகல் விதை தந்தார். கன்றுகள் பிந்தித்தான் வந்தன, துண்டு பறிபோகாமல் அதற்குள் நட்டுவிட்டோம். இலையுதிர்காலத்துக்குச் சற்றுமுன் விரல் நீளத்தில் பாகற்காய்கள் காய்த்தன. கைப்பென்றால் அப்படியொரு கைப்பு. நான் ஒரு துண்டையும் விடாமல் தின்றேன்.

படுக்கையறை யன்னலுக்கு அதன்பிறகு ஒருநாளும் பிளாஸ்டிக் ஒட்டவில்லை. எந்தக் குளிரிலும் ஒரு சாண் திறந்துதான் இருக்கும். லவாலில் வீடு வாங்கிப் போனபிறகும், அப்பாவுக்குப் பகல் வேலை கிடைத்தபிறகும் அது மாறவில்லை. அம்மா அந்த அறையில் கம்பளித்தொப்பியும் இரண்டு சோடிக் காலுறையும் போட்டுக்கொண்டு படுத்தார். "ஐஸ் பெட்டிக்குள்ளை கட்டிக்குடுத்திட்டினம்" என்பார், "செத்தபிறகு வைக்கிற இடத்திலை இப்பவே வைச்சிருக்கிறார்" என்பார், எலும்புக்குள் குளிர் ஏறிவிட்டது என்று விடிய விடிய ஏசுவார். யன்னலைப் பூட்டுங்கோ என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்பா போன கோடையில் காலமானார். இந்த மாசியில் நான் லவாலுக்குப் போனபோது அம்மாவின் அறை யன்னல் பூட்டியிருந்தது. தம்பி பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுத்திருந்தான். யன்னலடியில் மேசை போட்டு, கத்தரியும் மிளகாயும் பாகலும் வெயிலில் நல்ல தடிப்பாக நின்றன. தொப்பியில்லாமல், ஒரு மெல்லிய சட்டையோடு அம்மா அவற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அறை நல்ல சூடு, என்னம்மா?" என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

"ஓம்" என்றார்.

நான் அங்கே நாலு நாள் நின்றேன். வெளியே இந்த வருடத்தின் ஆகக் கடும் குளிர். அத்தனை வருடம் குளிருது குளிருது என்று ஏசித் தீர்த்த மனுசி, அந்த நாலு நாளில் ஒருதரம்கூடக் குளிருது என்று சொல்லவில்லை.