அரியாங்குப்பம் முதல் ஆஸ்பத்திரி வரை: சீட்டின் மறுபக்கம்

அரியாங்குப்பத்திலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஐந்து கிலோமீட்டர்தான். இதற்கொரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். நோயாளியோடு போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருஷம். கொத்து வேலைக்குப் போன என் அண்ணன் முருகேசன் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். தகவல் தெரிந்து நான் ஊர் டிஸ்பென்சரிக்கு ஓடியபோது அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள். கம்பவுண்டர் டிரைவர் கோவிந்தனிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். நான் பின்னால் ஏறினேன். மணி ஒன்பதரை.

வண்டியில் கட்டணம் கிடையாது. உலுக்கல் மட்டும் தாராளம். ஆற்றுப் பாலத்தில் வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே நின்றது. பத்து மணிக்குத்தான் ஆஸ்பத்திரி வாசலை அடைந்தோம்.

வாசல் குமாஸ்தா அப்பா பெயரைக் கேட்டார், தொழிலைக் கேட்டார். எப்படி விழுந்தான் என்று கேட்கவில்லை. கோவிந்தன் நீட்டிய சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் நேரமுத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். கோவிந்தன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டிலுக்கு மாற்றியதும் அண்ணன் அலறினான். எல்லோரும் மாசேர் என்று கூப்பிடும் கன்னியாஸ்திரி நர்ஸ், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வலியை அடக்கும் மார்ஃபியா ஊசியோடு வந்தார்.

"அங்க ஊசி ஏதாச்சும் போட்டாங்களா?"

"தெரியல மாசேர். நான் வர்றதுக்குள்ள வண்டில ஏத்திட்டாங்க."

அண்ணனோ அரை மயக்கத்தில் இல்லை என்று தலையாட்டினான். "போட்டிருந்தா சீட்டு வந்திருக்குமே," என்றார் வார்டு பணியாள்.

சீட்டு வந்திருந்தது. வாசல் வரைக்கும் வந்திருந்தது!

"ரெண்டு நிமிஷம் பொறுங்க மாசேர்."

"அவரு துடிக்கிறாரு, நீ ரெண்டு நிமிஷங்கிற. ஓடு!"

எதிர் டீக்கடையில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, சீட்டக் குடுங்க."

"அதெப்படி தம்பி? முத்திர குத்துன சீட்டு இல்லன்னா, வண்டிய சொந்த வேலைக்கி ஓட்டினேன்னுவான் ஆபீசுல. உங்கண்ணனா வந்து சாட்சி சொல்லுவாரு?"

"அவன் உசுரோட இருந்தா சொல்லுவான். வாங்கண்ணே!"

டம்ளரை வைத்துவிட்டு அவரும் ஓடி வந்தார். சீட்டின் முன்பக்கத்தில் கம்பவுண்டர் தெளிவாகவே எழுதியிருந்தார்: மார்ஃபியா, ஒன்பதே கால்.

மாசேர் ஊசியைத் தட்டில் வைத்தார். "இன்னொண்ணு போட்டிருந்தா மூச்சு நின்னிருக்கும்," என்றார். சீட்டில் இருந்ததை வார்டுத் தாளில் எழுதிக்கொண்டார். கோவிந்தன் தன் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். அவர் பயம் அவருக்கு. பெட்ரோலுக்குச் சாட்சி கேட்கிற சர்க்கார், ஆளுக்குப் போட்ட மருந்துக்குக் கேட்கவில்லையே!

போகிறவர்கள் கம்பவுண்டரிடம் இன்னொரு சீட்டு எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் என்ன மருந்து, எத்தனை மணி என்று கேட்டு உங்கள் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வார்டில் ஒருவர் சீட்டைப் படிக்கும்வரை டிரைவரை விடாதீர்கள். அவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

மறுநாள் அண்ணனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வாசலில் வேறொரு ஆம்புலன்ஸ். குமாஸ்தா சீட்டைக் கவிழ்த்து முத்திரையைத் தூக்கினார். நான் சீட்டின் மேல் கையை வைத்தேன்.

"திருப்பிப் படிங்க சார்."

"நீ யாருய்யா? இந்த நோயாளிக்கி இன்னா வேணும்?"

"ஒறவு ஒண்ணும் இல்ல. படிங்க."

முறைத்தார். நான் கையை எடுக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே சீட்டைத் திருப்பினார்.