எந்த ஊர்ப் பஞ்சாயத்து

சீனியரின் பழைய நோட்டு என் மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: பஞ்சாயத்து. அதன் கீழே, பேனாவை அழுத்தி, ‘எந்த ஊரில்?’ என்று எழுதியிருக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓசூரில் வக்கீலான அவரிடம் ஜூனியராக இருந்தேன். எங்களிடம் வந்ததெல்லாம் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு. ஒருநாள் பாகலூரிலிருந்து ஒரு பட்டறைக்காரர் வந்தார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஆங்கிலம் மட்டும் வராது. அவர் செய்யும் வால்வு மூடிகளை லண்டன் கம்பெனி ஒன்று வாங்கப்போகிறதாம். ஒப்பந்தம் இருபது பக்கம். “நீதான் புதுசாப் படிச்சவ, பாத்துச் சொல்லும்மா” என்று சீனியர் என்னிடம் தள்ளினார். ‘ஆர்பிட்ரேஷன்’ என்று ஒரு பத்தி. பரீட்சைக்கு வராது என்று கல்லூரியில் நான் தாண்டிப்போன பாடம் அது. தெரியாது என்று சொல்ல என் கௌரவம் விடுமா? “தகராறு வந்தா கோர்ட் இல்ல சார், பஞ்சாயத்து” என்றேன். சீனியர் வெளியறைக்குப் போய், அங்கே காத்திருந்தவரிடம் அதை அப்படியே சொன்னார். பட்டறைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப நம்ம பாகலூர்லயே வெச்சுக்கலாம் சார். டீ என் செலவு” என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம், சரக்கு சரியில்லை என்று கடிதம் வந்தது. பஞ்சாயத்து லண்டனில். அதே பத்தியின் கடைசி வரியில் ஊர்ப் பெயர் இருந்தது. அந்த வரிவரை நான் படிக்கவில்லை. பெங்களூருக்கே பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற மனிதர் லண்டனுக்கு எப்படிப் போவார்? அவர் பக்கம் பேச ஆளில்லாமலே, நஷ்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பட்டறையை மூடிவிட்டுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போனார்.

சீனியர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெங்களூரில் வெளிநாட்டு வணிகச் சட்டத்துக்கு நடந்த சனிக்கிழமை வகுப்பில், ஐம்பத்தெட்டு வயதில், என்னோடு தானும் சேர்ந்தார். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ் நிற்கும்போதெல்லாம் இந்த நோட்டைப் பிரித்து முணுமுணுப்பார். முதல் பரீட்சையில் நான் பாஸ், அவர் ஃபெயில். “நான் உனக்கு தோசை வாங்கித் தரேன், நீ எனக்கு ஆறுதல் சொல்லு” என்று சிரித்தார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன மாதம் அவருடைய காரியத்துக்குப் பட்டறைக்காரரும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

“தங்கமான மனுசரும்மா. ‘எனக்கு இங்கிலீசு புரியல, தப்பாச் சொல்லிட்டேன்’னு வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டாரு” என்றார்.

“அந்தத் தப்பான அர்த்தத்தை அவருக்குச் சொன்னதே நான்தாண்ணா” என்றேன்.

“அவரு சொல்லவே இல்லியே” என்றார்.

சட்டக் கல்லூரியில் இப்போது அந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான். நாளை இந்த வருடத்தின் முதல் வகுப்பு. சீனியரின் மகள் கொடுத்த இந்த நோட்டை மாணவர்களிடம் காட்டப்போகிறேன். அதற்கு முன் முதல் பக்கத்தைத் திறந்து, ‘பஞ்சாயத்து’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.