திரும்பும் பாதை

மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்போம். அதை ஓட்டியவர் மெலிந்த, கறுத்த மனிதர். கரையில் எவர் கூவினாலும் நடு வாவியிலிருந்தும் திரும்பிவிடுவார்.

அன்று களுவாஞ்சிக்குடியில் யோக வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தேன். நம் நம்பிக்கையை நம்மைவிடப் பெரியதொரு நோக்கத்தோடு சேர்க்கும் பாதையைக் கண்டுபிடிக்கும்படி வகுப்பு நடத்தும் சுவாமி சொல்லியிருந்தார். அந்த யோசனையில் மிதவையில் நின்றபோது, கரையில் எவரோ கூவ, நடு வாவியிலிருந்து அது திரும்பியது. எரிச்சல் வந்தது.

“ஒராளுக்காகவா திரும்புறீங்க?”

“போன கிழமை அந்த ஒராள் நீங்கதானே,” என்றார், கம்பை ஊன்றியபடி.

அடுத்த வகுப்பில், பாதை கிடைத்ததா என்று சுவாமி கேட்டார்.

“கிடைச்சது சாமி. ஆனா அது அடிக்கடி திரும்பிப் போகுது,” என்றேன்.

சுவாமி நெடுநேரம் யோசித்தார். பாதைக்காரர் ஒருநாளும் யோசித்துத் திரும்பியதில்லை.