எந்தப் பங்குக்குப் பங்குதாரர்?

"தம்பி, பங்குதாரர்னா யாரு?"

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், நிஜாம் பாய் என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வந்து கேட்ட கேள்வி இது. கையில் போன். முகத்தில் கலவரம்.

பாய் பல வருஷம் கல்ஃபில் லாரி ஓட்டியவர். அந்தச் சம்பாத்தியத்தில்தான் திருப்பனந்தாள் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு வயல் வாங்கினார். அதில் சம்பா நட்டிருந்தார். அப்போது பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது, மற்றதெல்லாம் தண்ணீருக்குள். பயிருக்கும் மூச்சு முட்டும் பிள்ளைகளே. தண்ணீர் சீக்கிரம் வடியாவிட்டால் அழுகிவிடும்.

ஏன் வடியவில்லை? பாய் வயலுக்குக் கீழே ஒரு சவுக்குத் தோப்பு. அதன் ஓரமாகப் போகும் வடிகால் வழியாகத்தான் வயல் தண்ணீர் வெளியேற வேண்டும். கோடையில் சவுக்குக் கன்று வைக்க வந்த கான்ட்ராக்ட் ஆட்கள், வடிகாலையும் மண் போட்டு மூடி, அதன் மேலும் கன்று நட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

தோப்புக்குச் சொந்தக்காரர் வைத்தியநாதன் சார். பேங்க்கில் ரிட்டயர் ஆகிச் சென்னையில் இருக்கிறார். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் பாய் சொல்லிப் பார்த்தார். ஐயா உத்தரவு இல்லாமல் ஒரு கன்றைக்கூடத் தொட முடியாதாம். சரி, ஐயா நம்பரையாவது கொடு என்றால் அதற்கும் உத்தரவு இல்லையாம்!

அப்போதுதான் தோப்பு முகப்பில் இருந்த போர்டு பாய் கண்ணில் பட்டிருக்கிறது. 'பொறுப்புடன் வளர்க்கப்படும் மரங்கள். புகார்கள் வரவேற்கப்படுகின்றன.' கீழே ஒரு போன் நம்பர்.

இது என்ன போர்டு? சவுக்கு காகித ஆலைக்குப் போகிறது. அங்கிருந்து உங்கள் நோட்டுப் புத்தகமாக வருகிறது. காட்டை அழிக்காமல், பக்கத்து வயல்காரருக்கு இடைஞ்சல் செய்யாமல் வளர்த்த மரம்தானா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்க ஒரு நிறுவனம் இருக்கிறது. போர்டும் நம்பரும் அவர்களுடையது. நல்ல காரியம்தான். நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் குறை சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் விஷயமே...

பாய் போன் போட்டார். ஓர் அம்மா எடுத்தார். அப்படி ஒரு மரியாதை.

"உங்களோடது கம்ப்ளெயின்ட்டா, ஃபீட்பேக்கா, டிஸ்ப்யூட்டா சார்?"

பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணிம்மா" என்றார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு படிவம் அனுப்பிவைத்தார். அதன் முதல் வரி: 'புகார் அளிக்கும் பங்குதாரரின் பெயர்.' அதைப் பார்த்துத்தான் பாய் என் கடைக்கு ஓடி வந்திருக்கிறார். அடுத்தவர் நிலத்தில் பங்குதாரர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு வம்பாகிவிடாதா என்பது அவர் கவலை. ஸ்டேக்ஹோல்டர் என்பதை இப்படித் தமிழ் ஆக்கியிருக்கிறார்கள், பாதிக்கப்படுகிறவர் என்றுதான் அர்த்தம் என்று நான் விளக்கினேன். அதை அப்படியே எழுதித் தொலைத்தால் என்ன? யாருக்குத் தெரியும்! எப்படியோ பாய் மனசில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பதில் உடனே வந்தது. 'தங்கள் மேலான விமர்சனத்துக்கு நன்றி. விமர்சனத்தை நாங்கள் வளர்ச்சிக்கான வாய்ப்பாகக் கருதுகிறோம். முதலில் தோப்பு உரிமையாளரிடம் பேசித் தீர்க்க முயலவும்.'

உரிமையாளர் நம்பர் கேட்டோம். தனிநபர் விவரம், தர இயலாது என்றார்கள். ஆதாரம் கேட்டார்கள். வயலை போட்டோ எடுத்து அனுப்பினோம். போட்டோவில் தண்ணீர் தெரிகிறது, வடிகால் தெரியவில்லை என்று பதில். வடிகாலைத்தான் மூடிவிட்டார்களே, எப்படித் தெரியும்? ஒருவர் நேரில் வந்து பார்த்தால் என்ன என்று கேட்டோம். அடுத்த வருடாந்தர ஆய்வின்போது கட்டாயம் பார்ப்பார்களாம்.

உங்கள் வகுப்பறை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொல்கிறீர்கள். அவர் கூரையை அண்ணாந்து பார்க்காமல், "அருமையாகச் சொன்னாய், நன்றி. முதலில் மழையிடம் பேசிப் பார்" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். நன்றி சொல்கிறவர்களை என்ன செய்வது?

கடை மோட்டாரைக் கொண்டுபோய் இறைத்துப் பார்த்தோம். இறைத்த தண்ணீர் போக இடம் வேண்டாமா? சுற்றி எங்கும் தண்ணீர். அது திரும்பி வயலுக்கே வந்தது.

நாங்கள் மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தபோது, கரையில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் வைத்தியநாதன் சார். நிறுவனம் விதிப்படி அவருக்கும் ஒரு தகவல் அனுப்பியிருக்கிறது — 'உங்கள் பங்குதாரர் ஒருவர் புகார் அளித்துள்ளார்' என்று!

"யாருய்யா நிஜாமு? என் நிலத்துல உனக்கு என்னய்யா பங்கு? அண்ணன் தம்பி மூணு பேரும் கோர்ட்டு வரைக்கும் போய்ப் பிரிச்ச சொத்து இது. நாலாவதா நீ எங்கேர்ந்து முளைச்சே?"

நான் குறுக்கே புகுந்து, ஸ்டேக்ஹோல்டர் என்று ஆரம்பித்தேன். எனக்கும் சேர்த்து விழுந்தது. பாய் மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"உங்க நிலத்துல ஒரு பிடி மண்ணு வேணாம் சார். என் தண்ணி போக வழி விட்டாப் போதும். வாங்க, காட்டுறேன்."

சார் திட்டிக்கொண்டேதான் பின்னால் வந்தார். அந்தத் திட்டில் வக்கீல், நோட்டீஸ், போலீஸ் எல்லாம் வந்தன. வரப்பு முனைக்கு வந்ததும் முழுகிக் கிடந்த பயிரைப் பார்த்தார். மூடிய மண்மேட்டில் நிமிர்ந்து நின்ற தன் சவுக்குக் கன்றுகளைப் பார்த்தார்.

"இது வடிகாலாச்சே. இதுல எவன் நட்டான்?"

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆள் தலையைச் சொறிந்தார். சார் மண்வெட்டி எடுத்துவரச் சொன்னார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, தானே முதல் கன்றைப் பிடுங்கி எறிந்தார்.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் சலசலவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. தாழ்வாக இருந்த மூலையில் பயிர் போனது போனதுதான். முதல் புகாருக்கே நிறுவனத்திலிருந்து யாராவது வந்து பார்த்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கும். மீதி தேறிவிட்டது. சாரும் பாயும் வரப்பில் நின்று டீ குடித்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள்.

நேற்று நிறுவனத்திடமிருந்து பாய்க்கு ஒரு மெயில். 'எங்கள் வழிமுறையின்படி இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது. நன்றி.'

பாய் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனை வாய்க்காலில் வீசியிருப்பேன். அது பாயின் போன் என்பதால் திருப்பிக் கொடுத்தேன்.

பிள்ளைகளே, இனிக்க இனிக்கப் பதில் போட்டவர்கள் கடைசிவரை வரவில்லை. சண்டை போட வந்தவர்தான் சேற்றில் இறங்கினார். உங்களிடம் யாராவது ஒரு குறை சொன்னால், முதலில் எழுந்து போய்ப் பாருங்கள்.

நன்றியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.