மேற்கு முகத்தில் ஒட்டிய நோட்டீஸ்

எங்கள் காலனிக்கு மின்சாரம் வருவதாக இருந்த வருஷம் அது. அறுபதுகளின் தொடக்கம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை ஒட்டி, கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் ஒன்று எங்களைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் மனை பிரித்துக் கடன் கொடுத்திருந்தது. மேற்கே கடைசி வீடு என்னுடையது. அதற்கப்பால் வயல், வயலுக்கப்பால் மலை. என் வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே, சங்கத்தின் பொது இடத்தில், மூன்று புளியமரங்கள் கிளை பின்னி நின்றன.

அந்த மரங்களுக்காகவே அந்த மனையைக் கேட்டு வாங்கினேன். என் மனைவிக்கு இளைப்பு உண்டு. சாரல் காலத்தில் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நேராக வீட்டுக்குள் அடித்தால் அவளுக்கு மூச்சு முட்டும். டவுனில் வாடகை வீட்டில் இருந்தபோது ஆனி, ஆடி முழுவதும் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினாள். புளியமரங்களின் மறைவுக்கு வந்தபின்தான் அந்த மாதங்களிலும் முதுகைத் தரையில் சாய்த்தாள்.

ஆனி கடைசி வாரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, மூன்று மரங்களிலும் காவியால் எண் போட்டிருந்தது. ஏலம் போன மரத்துக்குத்தான் எங்கள் பக்கம் காவி எண் போடுவார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு சங்கத் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். ரெவினியூ இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மரத்த ஏலம் விட்டாச்சா, அண்ணாச்சி?"

"விட்டாச்சு. நோட்டீஸு ஒட்டி, ஆட்சேபணைக்குக் கெடு குடுத்து, எல்லாம் முறைப்படிதான். ஒரு பயலும் வாயத் தொறக்கல."

"எங்கன ஒட்டுனீய?"

"எப்பமும் ஒட்டுத எடந்தான். நடுப் புளியில."

சங்கத்துக்குத் தனி அலுவலகம் கிடையாது. எந்த அறிவிப்பானாலும் நடுப் புளியின் கிழக்கு முகத்தில் ஒட்டுவார்கள். பால் வாங்கப் போகிறவர்களும் பஸ்ஸுக்குப் போகிறவர்களும் அதைப் பார்க்காமல் போக முடியாது. நான் திரும்பி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். வயலைப் பார்த்த மேற்கு முகத்தில் பசைத் தடம் இருந்தது. காகிதத்தின் மூலைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றதைச் சாரல் கரைத்துவிட்டது. ஆனி மாதத்தில் மேற்குப் பக்கம் யாரும் ஒரு துண்டைக்கூடக் காயப்போடமாட்டோம். அந்த நோட்டீஸைப் படித்திருந்தால் வயலில் நின்ற கொக்குகள் படித்திருக்கும்.

மறுபடியும் போய்ச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார்.

"மரம் ஒண்ணுதானவே. கிழக்க ஒட்டணும்னு பைலாவுல இருக்கா?"

"கமிட்டி தீர்மானத்த நான் ஒரு தடவ படிக்கலாமா?"

"கமிட்டி புஸ்தகம் கமிட்டிக்கு."

"நானும் உறுப்பினர்தான, அண்ணாச்சி?"

"கை தூக்கி எங்கள உக்கார வச்சீருல்லா, அதோட உம்ம வேல முடிஞ்சுது. காப்பி குடிச்சிட்டுப் போரும்."

மரத்தை ஏன் வெட்டுகிறார்கள் என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கம்பம் நடக் குழி அளக்க வந்த ஓவர்சியர் பேச்சுவாக்கில் சொன்னார். காலனிக்குக் கம்பி இழுக்க இரண்டு பாதைகள் வரைந்து கமிட்டியிடம் கொடுத்திருந்தார்களாம். கிழக்குப் பாதை மரங்களைத் தொடாது, ஆனால் வேலை முடியத் தை மாதம் ஆகும். மேற்குப் பாதை மரங்கள் நிற்கும் இடத்தோடு போய்த் தலைவர் வீட்டு வாசல் வழியாகத் திரும்பும்; தெருவிளக்கும் அங்கேயே விழும். இரண்டு பாதை இருந்ததே உறுப்பினர்கள் யாருக்கும் தெரியாது.

மூன்றில் ஒரு பங்குப் பேர் கையெழுத்திட்டால் விசேஷக் கூட்டம் கூட்டலாம் என்று விதி இருந்தது. வீடு வீடாக ஏறினேன். எதிர்வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருந்தார். டவுனிலிருந்தே பழக்கம். என் மனைவிக்கு மூச்சு முட்டிய ஒருநாள் மழையில் ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தவர்.

"ரெண்டு பாதை இருந்ததச் சொல்லாதது தப்புதான். யாரு இல்லேங்கா? ஆனா கிழக்க மாத்துனா லைட்டு எப்பம் வரும்?"

"தைக்குள்ள வந்திரும்."

"தையா? எம் மவன் சிம்னி வெளக்குல படிச்சுக் கண்ணு பூத்துப் போயி இருக்கான். நீங்க மரத்த வச்சுக்கிடுவீய, நாங்க இருட்ட வச்சுக்கிடணுமாக்கும்?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கோவிச்சுக்கிடாதீய. அவுகளுக்கு ஒரு நல்ல கம்பளியா வாங்கிக் குடுங்க."

வேண்டிய கையெழுத்தில் பாதிகூடச் சேரவில்லை. என் மனைவி வாசற்படியில் நின்று நான் வருவதைப் பார்த்தாள்.

"போதும். எம் மூச்ச வீடு வீடாக் கொண்டுபோயி ஏந்தாதீய. பிச்ச எடுக்க மாரி இருக்கு."

"வேற எதச் சொல்லிக் கேக்க?"

"ஒளிச்சு ஒட்டுனாவன்னு சொல்லுங்க. அது பத்தாதா?"

அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். பற்றவில்லை.

ஆடி முதல் வியாழக்கிழமை வெட்டினார்கள். கிளை விழ விழ, காலனிப் பெண்கள் விறகுக்குப் பொறுக்கிச் சென்றார்கள். எதிர்வீட்டுக்காரர் எங்களுக்கும் ஒரு கட்டுக் கொடுத்தனுப்பினார்; பாசத்தால்தான். அவள் அதை வாசலிலேயே விட்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் எங்கள் மேற்கு ஜன்னலில் மலை முழுதாகத் தெரிந்தது. சீசனுக்கு வருகிறவர்கள் ஆசைப்பட்டுப் பார்க்கும் அதே மலை. அதை மறைக்க நான் ஓலைத் தட்டி கட்டினேன். சாயங்காலக் காற்று பிய்த்தெறிந்தது. சாக்கைத் தைத்து மாட்டினேன். சாக்கு நனைந்து, ஈரத்தை உள்ளேயே இறக்கியது. அந்த வாரம் முடிவதற்குள் அவளுடைய பழைய தலையணை அடுக்கு சுவரோரம் வந்துவிட்டது. ஊசி போட்ட டாக்டர், இந்த வீட்டில் வைத்திருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

திருவேங்கடத்தில் அவள் அண்ணன் இருந்தார். அங்கே கரிசல் காடு, சாரல் எட்டாது. பஸ்ஸில் ஜன்னலோரம் ஏற்றி உட்கார வைத்தேன்.

"ஐப்பசியில வந்து கூட்டிட்டு வாரேன்."

"அடுத்த ஆனிக்கு?"

"வீட்ட வித்திருவோம்."

"விக்க விடுவாவளா?" அதைச் சொல்லவே இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடன் தீரும்வரை கமிட்டியின் சம்மதமில்லாமல் யாரும் வீட்டைக் கைமாற்ற முடியாது. பஸ் கிளம்பியதும் நேரே தலைவர் வீட்டுக்கு நடந்தேன். அவர் வாசலில் கம்பம் நட்டாகிவிட்டது. கம்பி இன்னும் இழுக்கவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டை விற்கக் கமிட்டியின் சம்மதம் வேண்டும் என்றேன்.

"மனு எழுதிக் குடும். கமிட்டி பாக்கும்."

"கமிட்டி எப்பம் கூடும், அண்ணாச்சி?"

"அதெல்லாம் உறுப்பினருக்குச் சொல்லுத வழக்கம் இல்ல."

"எம் வீட்டப் பத்துனது அண்ணாச்சி இது."

"அதனாலதான்வே சொல்லக்கூடாது," என்றார், எனக்குச் சட்டம் விளக்குகிறவர்போல.

உள்ளே இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். நான் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.