சீக்னி எழுதாமல் விட்ட ஜூலை

2025 ஜூன் 6: அனுப்பிய இன்வாய்ஸ் 212. மொத்தம் 38,41,600 குரோனர்.
ஜூன் 20: பணம் கட்டக் கடைசி நாள். வந்தது 4,12,050.
ஜூலை 7: நினைவூட்டல் 187. அபராதம் தலா 35.
ஜூலை 22: வசூல் எச்சரிக்கை 176. அபராதம் தலா 35.
ஆகஸ்ட் 5: வசூல் நிறுவனத்திடம் ஒப்படைத்தவை 169. மொத்தம் 30,18,900.

இதில் ஒரு குரோனர்கூடத் தவறில்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். சீக்னி ஹௌகனை அழித்தது இந்தப் பிழையில்லாத கணக்குதான்.

மோல்டே என்ற எங்கள் கடலோர ஊரில் இன்வாய்ஸ் போடும் மென்பொருள் ஒன்றைச் செய்து விற்றுவந்தாள் சீக்னி. வயது ஐம்பத்தெட்டு. இரண்டு ஊழியர்கள். குடியிருந்த வீடு தொழிலுக்காக வங்கியில் அடமானம். வருமானத்தில் முக்கால் பங்கு ஒரே இடத்திலிருந்து வந்தது: படகுக்காரர்களுக்கு வலையும் கயிறும் விற்கும் கூட்டுறவுச் சங்கம்.

சென்ற ஆண்டு அந்தச் சங்கம் படகுக்காரர்களுக்கு இன்வாய்ஸ் அனுப்பும் வேலையைக் குமாஸ்தாவிடமிருந்து எடுத்து, ஆளில்லாமல் தானே இயங்கும் ஒரு ஏஐ முகவரிடம் கொடுத்தது. அந்த முகவர் படித்து நடக்க ஒரு கையேடு கேட்டார்கள். சீக்னி குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து நாற்பத்து மூன்று பக்கம் எழுதினாள். எந்தக் கட்டளை என்ன செய்யும், பதில் வராவிட்டால் என்ன, எண் வரிசையில் இடைவெளி விழுந்தால் என்ன, எல்லாம் அதில் இருந்தன. சங்கத்தின் கணக்கை முப்பத்தோரு ஆண்டு வைத்திருந்தவன் என்பதால் என்னிடம் கொண்டுவந்தாள். சிவப்புப் பேனாவுடன் நான்கு நாள் படித்தேன். ஏழு திருத்தம் சொன்னேன். ‘இனிக் குறையில்லை’ என்று கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஜூலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எனக்கும் அது உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஜூலையில் யாரும் பணம் கட்டுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. கோடை விடுமுறை என்று எல்லோரும் மலைவீட்டுக்குப் போய்விடுவோம். ஜூன் இன்வாய்ஸுக்கு ஆகஸ்ட் நடுவில் பணம் வரும். நான் வேலையிலிருந்த முப்பத்தோரு ஜூலையிலும் ஒரு நினைவூட்டல்கூட அனுப்பியதில்லை. மழையில் நின்றால் நனைவோம் என்று யார் எழுதிவைப்பார்கள்?

முகவர் கையேட்டின்படி நடந்தது. கெடு தாண்டி இரண்டு வாரம் கழிந்ததும் நினைவூட்டல், பிறகு எச்சரிக்கை, பிறகு வசூல் நிறுவனம். தடுத்திருக்கக்கூடியவள் சீக்னி; அவளுடைய போன் மலைவீட்டு அலமாரிக்குள் அணைந்து கிடந்தது. நான் ஏரியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 11 அன்று சங்கத் தலைவி குன்வோர் ஸ்லெட்டன் போன் செய்தபோது நான் சீக்னியின் எதிரில் இருந்தேன்; போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“நம்ம படகுக்காரர் பெடருக்கு எண்பத்திரண்டு வயசு. ஒரு நாள் கடன் வச்ச ஆளில்ல. மலையிலேர்ந்து இறங்கி வந்தா வாசல்ல வசூல்காரன் லெட்டர். கடைப்பக்கம் வரவே வெக்கப்படுறாரு, சீக்னி.”

“ஒவ்வொரு வீடா போய் மன்னிப்புக் கேக்கறேன்.”

“நூத்தி அறுபத்தொம்பது வீடு. காபி குடிச்சே செத்துப்போவ.” குன்வோர் சிரிக்கவில்லை. “செப்டம்பர் பதினஞ்சுக்குள்ள கையேட்டைத் திருத்திக் குடு. அப்புறம் போர்டு முடிவு பண்ணும்.”

போனை வைத்ததும் சீக்னி என்னைப் பார்த்தாள். “சங்கம் போனா வீடு போச்சு, தோர்லைஃப். நமக்கெல்லாம் தெரிஞ்சு யாரும் எழுதாதது எதெல்லாம் இருக்கோ, அத்தனையும் சொல்லுங்க.”

மறுநாளிலிருந்து தினமும் போனேன்.

“ஈஸ்டர் வாரம்?”

“எதுவும் அனுப்பக் கூடாது. எழுது.”

“வீட்டுல சாவு விழுந்தா?”

“ஒரு மாசம் விடணும். எழுது.”

“படகு மூழ்கிட்டா?”

“முதல்ல போன். அப்புறந்தான் கடுதாசி. குளிர்காலத்துல மீன் கூட்டங்கூட்டமா வர்ற சமயத்துல எவனும் கவரைப் பிரிக்க மாட்டான், அதையும் எழுது.”

பேனாவைக் கீழே போட்டாள். “கையெழுத்துப் போட்டப்ப இதெல்லாம் எங்க இருந்துச்சு, பெரிய மனுஷா?”

“உன் தலையில எங்க இருந்துச்சோ, அங்கதான்.”

ஒவ்வொரு வரியும் இன்னும் இரண்டு வரியைக் கேட்டது. மதியத்தில் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கடித்தபடியே தட்டச்சு செய்தாள். மாலையில் படகுக்காரர் வீடுகளுக்குப் போனாள். நாற்பத்தாறு வீடு முடித்தாள். பெடர் கதவைத் திறக்கவில்லை. செப்டம்பர் 15 வந்தபோது கையேட்டில் 318 புதிய விதிகள்.

சங்க அலுவலகத்தில் குன்வோர் பக்கங்களை நிதானமாகப் புரட்டினாள். “நல்லா எழுதியிருக்க. இதுல இல்லாதது என்ன?”

சீக்னி சொன்னாள்: “தெரியல.”

“நீங்க சொல்லுங்க, தோர்லைஃப்.”

எனக்கும் தெரியவில்லை என்றேன். முப்பத்தோரு ஆண்டுக் கணக்கு என் அலமாரியில் இருக்கிறது. நான் செய்யாமல் விட்டவை எதிலும் பதிவாகவில்லை.

“அதான் எங்களுக்கும் பயம்,” என்றாள் குன்வோர்.

சங்கத்திலிருந்து வந்த கடிதத்தில் இரண்டே வரி. ஆண்டு முடிவோடு ஒப்பந்தம் ரத்தாகிறது. இன்வாய்ஸ் வேலை மறுபடி குமாஸ்தாவிடம் போகிறது. சீக்னி தபால்பெட்டி அருகே நின்றபடியே படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“வீட்டை விக்கறப்ப, இந்தக் கடுதாசி எப்ப வந்துச்சுன்னு பேங்க்ல கேப்பாங்க. தேதியைக் குறிச்சுக்கங்க.”

குறித்துக்கொண்டேன்: 2025 செப்டம்பர் 26.