ஆரத்தித் தட்டோடு நின்றேன்

பக்கத்து வீட்டு மீனாளின் மகனுக்கும் என் மகளுக்கும் ஆட்டிசம். மீனாள் கணவரின் கம்பெனி இன்சூரன்ஸில் அவனுக்குப் பேச்சுப் பயிற்சி கிடைத்தது. எங்களுக்கு இன்சூரன்ஸே இல்லை. அவன் முதன்முதலாக "தண்ணி" என்று சொன்ன அன்று எனக்கு வயிறு எரிந்தது.

தேர்தல் நேரத்தில் வேட்பாளர் எங்கள் காரைக்குடித் தெருவுக்கு வந்தார். மீனாள் முந்திவிடக் கூடாதென்று ஆரத்தித் தட்டோடு முன்னால் போய் நின்றேன். அவர் "என்னம்மா வேணும்?" என்றபோதும் தட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து மீனாள் பேசினாள். "எம் மகனுக்கு இன்சூரன்ஸ் இருக்குய்யா, பேசுறான். இவுக மகளுக்கு இல்ல. எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசாங்கமே குடுக்கணும்னு சட்டசபையில கேப்பீகளா?"

"பாப்போம்" என்று அவர் நகர்ந்தார். மீனாள் விடாமல் கூடவே நடந்தாள். "எப்பன்னு சொல்லிட்டுப் போங்கய்யா."

என் மகளுக்காக நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டுக்கொண்டே போனாள். அன்றும் எனக்கு வயிறு எரிந்தது; இந்த முறை இன்சூரன்ஸுக்காக இல்லை.